போர்வெல் லாரிக்கு வழி

சித்திரை, கடைசிச் செவ்வாய்.

இன்று செல்வராஜ் சார் வீடு தேடி வந்தார். வளைகுடாப் பள்ளியில் எனக்கு வைஸ் பிரின்சிபாலாக இருந்தவர். இங்கே என் தரிசு நிலத்துக்குப் பக்கத்துக் காட்டுக்காரர். அங்கே ஆள் குறைத்தபோது, நானாகவே வேலையை விடுவதாக என்னிடம் கையெழுத்து வாங்கியவர் இவர்தான்.

"நம்ம ஊர்க்காரன் சொல்லுறேன், போடுங்க டீச்சர். படிக்கவெல்லாம் நேரமில்ல" என்றார் அன்று.

பள்ளியே என்னை நிறுத்தியிருந்தால் ஒன்பது வருட சர்வீஸுக்கு நஷ்டஈடு வந்திருக்கும். நானே விலகியதாக எழுதியதால் அதில் ஒரு காசு வரவில்லை.

இப்போது அவர் தோட்டத்தில் போர் போட, என் தரிசு வழியாகத்தான் லாரி போயாக வேண்டும். நான் பிறகு பேச்சு மாறக் கூடாதென்று சம்மதத்தை டைப் அடித்தே கொண்டு வந்திருந்தார். அதே புத்தி.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுதேன் சார்" என்றேன்.

"லாரி ரோட்டுல நிக்கிது டீச்சர். அவுக அடுத்து வீரசோழன் போகணுமாம்."

கண்ணாடியை மெதுவாகத் தேடினேன். அவருக்கு மோர் கொடுத்தேன். விரல் வைத்து வரி வரியாகப் படித்தேன். முதல் பக்கம் முடிவதற்குள் லாரி கிளம்பிவிட்டது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

இரண்டாம் பக்கம் மேசையில் இருக்கிறது. ஐப்பசி மழை விழுந்தால் கரிசலில் லாரி இறங்காது. அதுவரை நிதானமாகப் படிக்கலாம்.