சபிரா பெரியம்மாவுக்கு வராத ஹீட்டர்

அன்புள்ள எர்கின் அண்ணாவுக்கு,

நீ நலமா, கை கால் சூடாக இருக்கிறதா, வேளைக்கு ஏதாவது கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறாயா, உன் அறையில் தங்கியிருக்கும் பையன்கள் எல்லோரும் சுகமா. அம்மா எழுதினால் இப்படித்தான் தொடங்குவாள் என்று நானும் அப்படியே தொடங்குகிறேன். இந்த முறை அம்மா எழுதமாட்டாள், நான் எழுதுவதும் அவளுக்குத் தெரியாது. வீட்டுப் போன் அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது, எனக்கென்று போன் இல்லை, அதனால் சமையலறையில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதுகிறேன். காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் வேன்கார மக்சாத் மாமாவிடம் கொடுத்துவிடுவேன், அவர் உங்கள் ஊர் வரை போகிறார். அம்மா இருமும்போதெல்லாம் பேனாவை நிறுத்திவிடுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். மாடு இன்னும் கன்று போடவில்லை. ஆற்றோரமெல்லாம் உறைந்துவிட்டது. ரஷ்ய மொழித் தேர்வில் எனக்கு நல்ல மதிப்பெண், அதை யாரிடமும் இன்னும் சொல்லவில்லை, சொல்கிற மாதிரி வீடு இல்லை.

பக்கத்து வீட்டு சபிரா பெரியம்மா இதயம் நின்று இறந்துவிட்டாள் என்று அம்மா உன்னிடம் போனில் சொன்னாள் அல்லவா, அது உண்மை இல்லை. பழைய நிலக்கரி அடுப்பின் விஷப்புகை அவளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விட்டது. புகைபோக்கியில் விரிசல் விட்டிருக்கிறது, இந்தக் குளிருக்கு அடுப்பைப் பற்றவைக்கவே கூடாது என்று இலையுதிர் காலத்திலேயே அப்பா ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தார். அவளும் சரி என்று அப்பாவிடம் மின்சார ஹீட்டர் ஒன்று கேட்டு வைத்திருந்தாள், அப்பா பட்டறையில் அவளுக்கென்று ஒன்றை ஒதுக்கியும் வைத்தார். பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள் என்பதைத்தான் உனக்கு எழுத வேண்டும், அண்ணா, அதற்கு முன்னால் நீ போன பிறகு அப்பாவின் விளம்பரம் என்ன ஆனது என்று சொன்னால்தான் உனக்குப் புரியும்.

நீ அமைத்துக் கொடுத்த விளம்பரத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் நரினில் யார் போனில் ஹீட்டர் என்று தேடினாலும், கைத்தொழில் தெரிந்தவர் என்று ஊர் அழைக்கிற ஷார்ஷென் உஸ்தா என்ற அப்பா பெயர்தான் மேலே வரும். கோடை முடியும்போது ஒரு புதிய கம்பெனி வந்தது. அவர்கள் விளம்பரத்தில் ஹீட்டருக்கு விலையே இல்லை, ‘சுயுஞ்சு! உங்கள் பெயருக்கு ஒரு பரிசு வந்திருக்கிறது’ என்று மட்டும் இருக்கும். விளம்பரத்தை ஒருவர் ஒருமுறை தொட்டால் அதற்கு நாம் கட்டும் காசைவிட அவர்கள் பல மடங்கு கட்டுகிறார்கள், அதனால் நாம் கீழே போய்விட்டோம். கடைசியில் அப்பாவின் பெயரையே போட்டுத் தேடினாலும் முதலில் அவர்கள்தான் வந்தார்கள். எல்லோரும் செய்கிறபடி பொருத்தித் தருவது இலவசம் என்று நாமும் போடலாம் என்று நான் அப்பாவிடம் கெஞ்சினேன். “பொருத்துற கூலியை விலையிலயே சேர்த்துத்தானே வாங்குறேன், பெர்மெத். அப்புறம் எப்படி அது இலவசம்?” என்று கேட்டார். அவர் சொல்லச் சொல்ல நான் போட்ட விளம்பரம் என்ன தெரியுமா, ‘நான் எதையும் சும்மா தருவதில்லை, கெட்டுப்போனால் வீட்டுக்கு வருவேன்.’ சந்தையில் அதைப் படித்துவிட்டு, உஸ்தா ஹீட்டர் விற்கிறாரா சண்டைக்குக் கூப்பிடுகிறாரா என்று சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், ஆனால் தொட்டுப் பார்த்தவர் ஒருவருமில்லை.

அந்தக் கம்பெனிக்காரர்கள் நம்மை நன்றாகத் தெரிந்தவர்கள், அண்ணா. அந்தப் பக்கத்தில் எந்தப் பொருளை வேண்டுமானாலும் பரிசாகத் தேர்ந்தெடுக்கலாம், கேட்பதெல்லாம் உன் ஆட்கள் சிலருக்கு அதை அனுப்ப வேண்டும், அவர்களும் பெயரையும் எண்ணையும் பதிய வேண்டும், அவ்வளவுதான். வேறு ஊரில் இதைத் தள்ளிவிட்டுப் போவார்களோ என்னவோ. நம் ஊரில் ஒருவர் நல்ல செய்தியோடு சுயுஞ்சு என்று வாசலில் வந்து நின்றால், செய்தி என்ன என்று கேட்பதற்கு முன்பே அதற்குப் பரிசு தருகிறேன் என்று சொல்லியாக வேண்டுமே. மறுத்தால் நல்ல செய்தி வாசலிலேயே செத்துவிடும் என்பாள் அம்மா. சொந்தக்காரர் அனுப்பிய சுயுஞ்சுவை யார் தொடாமல் இருப்பார்கள்? நாத்தனார் மருமகளுக்கு அனுப்பினாள், மருமகள் ஆசிரியைக்கு அனுப்பினாள், ஊரே பதிந்தது. பரிசு வாங்கியவர் என்று ஒருவரையும் நான் பார்க்கவில்லை, இன்னும் ஒருவர் சேர்ந்தால் உங்கள் பரிசு புறப்பட்டுவிடும் என்றுதான் எல்லோருக்கும் வந்துகொண்டிருந்தது.

சபிரா பெரியம்மா அப்பாவின் பட்டறைக்கே வந்து, நீயும் உன் பெயரைப் போடு, எனக்கு ஒரே ஆள்தான் குறைகிறது என்று கேட்டாள். நான் அங்கேதான் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். அப்பா முகம் சிவந்து, அது ஏமாற்று வேலை, உன் ஹீட்டர் இதோ இருக்கிறது, எடுத்துப் போ, காசைப் பிறகு பார்க்கலாம் என்றார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “உன் ஹீட்டருக்குக் காசு வேணும், அவன் ஹீட்டருக்கு வாய் இருந்தாப் போதும். எனக்கு எது நிறைய இருக்குன்னு உனக்குத் தெரியாதாடா தம்பி?” என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். அவள் சிரிப்பு தெரு முனை வரை கேட்டது. அதன் பிறகுதான் பெருங்குளிர் இறங்கியது.

அவளை அடக்கம் செய்த ஜனாசாவன்று அவள் மகன் மிர்லான் அண்ணன் எல்லோர் நடுவிலும் போனைத் தூக்கிக் காட்டி, என் அம்மாவுக்கு இந்தச் சுயுஞ்சுவை யார் சொன்னது என்று கேட்டான். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்து, “நான்தான்,” என்றாள். உனக்கு யார் சொன்னது சித்தி என்று அவன் மறுபடி கேட்டதற்கு, யாரோ, தெரியாத எண்ணிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இப்போது ஹீட்டர் விற்கிறவன் வீட்டிலிருந்தே இலவச ஹீட்டர் போனதாம், உஸ்தாவுக்கு அதில் எவ்வளவு பங்கோ என்று தெருவில் பேசுகிறார்கள். அப்பா பட்டறைப் பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். நான் கூடாதென்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்ததை என் வீட்டிலிருந்தே பரப்பினாயே என்று ஒரே ஒருமுறை அம்மாவிடம் சொன்னார். அன்றிலிருந்து அவளோடு பேசுவதில்லை, படுப்பதும் பட்டறையில்தான். வியாழக்கிழமை அம்மா இறந்தவர்களுக்காக எண்ணெயில் போர்சோக் சுட்டு ஒரு தட்டு நிறைய அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனாள். அந்தத் தட்டு மூடிய துணி மூடியபடியே நம் வாசலில் திரும்பி வந்து இருந்தது. சாவுக்குச் சுட்ட ரொட்டியை ஒரு வீடு திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை, அண்ணா. அம்மா அதைப் பனியில் நின்றபடியே வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

இனி எழுதுவதை உட்கார்ந்து படி. அம்மாவுக்கு அது தெரியாத எண்ணிலிருந்து வரவில்லை. நீதான் குரல்பதிவாக அனுப்பினாய். சுயுஞ்சு அம்மா, பெர்மெத்துக்கு ஒரு போன் கிடைக்கப்போகிறது, நீயும் பதிந்து உன் ஆட்களுக்கெல்லாம் அனுப்பு என்றாய். அம்மா என்னைக் கூப்பிட்டு உன் குரலைப் போட்டுக் காட்டினாள், நீ எதிரில் நிற்பது போல போனைப் பார்த்து, தருகிறேன் என் கண்ணே, தருகிறேன் என்றாள். ஹீட்டர் என்று தேடினால் வருகிற அதே ஆட்கள்தான் அது என்று உனக்கு அங்கே தெரியாது, போன் என்று தேடிய உனக்கு அவர்கள் போனைத்தான் காட்டியிருப்பார்கள். அம்மாவுக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருக்கலாம், ஆனால் போன் என்றதும் நான் குதித்துக்கொண்டிருந்தேன். ஜனாசா முடிந்து வந்ததும் அம்மா உன் குரலை அழித்தாள். நான் பார்த்துவிட்டேன். என் கையைப் பிடித்து, “உனக்கு ஒண்ணும் தெரியாது, புரியுதா? அவன் அங்க தனியா கிடக்கான். தனியா இருக்கிற பிள்ளையால இதைத் தாங்க முடியாது,” என்றாள். இங்கே அவளும் தனியாகத்தான் இருக்கிறாள், அதை நான் சொல்லவில்லை.

நாற்பதாம் நாள் சடங்கு நெருங்குகிறது. அன்று பெரியவர்கள் எல்லோரையும் வைத்து மறுபடி கேட்பேன் என்று மிர்லான் அண்ணன் சொல்லியிருக்கிறான். அம்மா மறுபடியும் எழுந்து நிற்பாள், அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் அப்பாவிடம் சொல்லிவிடலாம், பட்டறை வாசல் வரை போய்ப் போய்த் திரும்பி வருகிறேன். நான் சொன்னால் உன்னைக் காட்டிக்கொடுத்தது போலாகும், சொல்லாவிட்டால் அம்மாவைக் கைவிட்டது போலாகும். நீ கெட்டது செய்ய நினைக்கவில்லை, எனக்கு நல்லது செய்யத்தான் நினைத்தாய், அதனால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. தேடினால் முதலில் வருகிற அந்த விளம்பரத்தை வைத்தவர்களை இங்கே யாரும் பார்த்ததில்லை, அவர்களுக்குப் பதிலாக அம்மா நிற்கிறாள். நீதான் சொல்ல வேண்டும், அண்ணா. அம்மாவிடம் சொல்லாதே, நடுவில் நுழைந்து பழியைத் திரும்பத் தன் தலையில் போட்டுக்கொள்வாள். நேராக அப்பாவின் எண்ணுக்குப் பேசு.

காலில் இரண்டு கம்பளி உறை போடு, ஈரத்தோடு வேலைக்குப் போகாதே. கிடங்கில் இரவு வேலை கொடுத்தால் சாப்பிட்டுவிட்டுப் போ. எதையும் யாருக்கும் வாங்கி அனுப்ப வேண்டாம், எனக்குப் போன் வேண்டவே வேண்டாம். உன்னை ஆசீர்வதிக்க எனக்கு வயதில்லை, அம்மா தொழுது முடித்து முகத்தைத் தடவும்போது சொல்வதையே எழுதுகிறேன்: என் பிள்ளையின் வழி வெளிச்சமாக இருக்கட்டும், அவன் நிற்கிற இடத்தில் நல்லவர்கள் நிற்கட்டும். இப்போதும் தினமும் உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறாள்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அப்பா போனை எடுத்தாலும் பேசமாட்டார். கோபம் என்று நினைத்து வைத்துவிடாதே. அவர் மூச்சு விடுவது கேட்கும், அது கேட்கிற வரை நீ சொல்லிக்கொண்டே இரு.

கேட்பதற்கு உன்னைத் தவிர வேறு யாருமில்லாத உன் தங்கை,
பெர்மெத்
நரின்