அம்மாவுக்கு நான் வாசித்த வசனம்

திங்கட்கிழமை,
பள்ளி விட்டு வந்த கையோடு

கர்த்தருக்குள் அன்பு நிறைந்த அண்ணன் திவாகருக்கு, கேமரன் மலைக் குளிருக்குள் நடுக்கம் நிறைந்த உன் ஒரே தங்கையும் இந்த வீட்டின் ஒரே தொல்லையுமான ரூபினி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் கைக்கு வருமுன் இதைப் பிரித்துப் படிக்கும் மறுவாழ்வு இல்லத்து அங்கிளுக்கும் தோத்திரம். அங்கிள், இதை எப்படியாவது சனிக்கிழமைக்கு முன் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். மற்றக் கடிதங்களை வேண்டுமானால் வருகிற மாதம் கொடுங்கள்.

இங்கே ஒரு வாரமாக மழை. துணி காயவில்லை. என் பள்ளிச் சீருடையை அரிசிக் குக்கர் மூடிமேல் விரித்துக் காய வைத்தேன், இப்போது நான் போகிற இடமெல்லாம் சோற்று வாசனை. எஸ்.பி.எம். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். எஸ்.பி.எம். என்றால் என் அகராதியில் சும்மா பாஸ் மட்டும். உன்னைப் பற்றி எல்லாரும் விசாரிக்கிறார்கள். போதகரிடம் போனவனுக்குப் போதை போய்விட்டதா என்று நானும் விசாரிக்கிறேன்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் முடித்துவிடுவேன். ஏற்கெனவே மூன்று தாள் கிழித்தாயிற்று. அண்ணே, வருகிற சனிக்கிழமை அம்மா வந்து கையெழுத்துப் போட்டு உன்னை வீட்டுக்குக் கூட்டி வருவதாக இருக்கிறது. நீ வர வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கோபப்படு. ஆனால் மேலே படி.

ஐஸ் பெட்டி மேல் அம்மா வைத்திருக்கும் வாக்குத்தத்தப் பெட்டியை நீ மறந்திருக்க மாட்டாய். ரொட்டி வடிவத்தில் மஞ்சள் பிளாஸ்டிக், உள்ளே நெருக்கி அடுக்கிய சீட்டுகள், சீட்டுக்கு ஒரு வசனம். காலை ஐந்தரைக்கு ஜெபம் முடிந்ததும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவுவார். அன்றைக்கு ஆண்டவர் நமக்குச் சொல்வது அதுதான். நீ போன பிறகு அம்மாவுக்குக் கண்புரை முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம்தான் தேதி கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டு எழுத்தெல்லாம் அம்மாவுக்கு எறும்பு ஊர்வது போலத் தெரிகிறதாம். ஆகையால் எடுப்பது அம்மா, வாசிப்பது நான். அம்மாவின் கண்ணில் புரை, என் வாயில் பொய்யுரை. ஆம், நான் ஒழுங்காக வாசிக்கவில்லை.

முதலில் விளையாட்டுக்குத்தான் செய்தேன். ஒரு நாள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பாஸ்டர் குரலில், “இதோ, இன்று உன் அடுப்பின்மேல் கோழி கொதிக்கும், உன் குமாரத்தி அதைப் புசித்துத் திருப்தியடைவாள்” என்று வாசித்தேன். அம்மா “ஆமென்” என்றார். சாயங்காலம் நிஜமாகவே கோழிக்குழம்பு. அடுத்த வாரம், “உன் குமாரத்தியைப் பாத்திரம் கழுவ ஏவாதே, அவள் கைகள் மென்மையானவை” என்று வாசித்தேன். அதற்கும் “ஆமென்” சொல்லிவிட்டு, சட்டியையும் நாரையும் என் மென்மையான கையில் கொடுத்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

போன மாதக் கடைசியில் உன் கடிதம் வந்தது. எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது, ஒன்பது மாதம் வேண்டாம், மூன்று மாதமே போதும், பதினான்காம் தேதி வந்து கூட்டிப் போங்கள் என்று எழுதியிருந்தாய். அதை அம்மா என்னை நான்கு முறை வாசிக்கச் சொன்னார். ஒன்பது மாதமும் முடியட்டும் என்றார் பாஸ்டர். அம்மா இரண்டு நாள் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம், “பாஸ்டர் ஒண்ணு சொல்றாரு, புள்ள ஒண்ணு சொல்றான். ஆண்டவரே சொல்லட்டும்டி. நாளைக்குக் காலையில என்ன சீட்டு வருதோ, அதுதான் முடிவு” என்றார்.

மறுநாள் காலை அம்மா நெடுநேரம் ஜெபம் செய்து ஒரு சீட்டை உருவி என்னிடம் நீட்டினார். அதில் இருந்தது நமக்கு ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடமான வசனம். ஆண்டவருடைய இரக்கம் தீர்ந்துபோவதில்லை, ஒவ்வொரு விடியலிலும் அது புதிதாகக் கிடைக்கிறது என்ற கருத்து. எனக்கு எரிச்சலாக வந்தது. நாங்கள் கேட்டது பதினான்காம் தேதியைப் பற்றி. ஆம் என்றோ இல்லை என்றோ அதில் ஒரு வார்த்தை கிடையாது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாசித்தேன்:

“இதோ, தூரமாய்ப் போன உன் குமாரன் மூன்றாம் மாதத்தில் உன் வாசலில் வந்து நிற்பான், நீ அவனைத் தடுக்காதே.”

எந்தத் தீர்க்கதரிசி மூன்றாம் மாதம் என்று துல்லியமாகச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா முழங்கால் போட்டு அழுதார். புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னார், சபையே கை தட்டியது. பாஸ்டர் மட்டும் கை தட்டாமல், ஆண்டவரே சொல்லிவிட்டார் என்றால் சபை வேனை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பக்கத்து வீட்டு உமாதேவி அக்காவுக்கும் செய்தி போயிற்று. “ஒங்க சாமி சொல்லிட்டாருன்னா சரிதான்லா. நானும் கோயில்ல ஒரு அர்ச்சனை போட்டு வெக்கிறேன், ரெண்டு பக்கமும் சேஃப்” என்றார். அன்றிலிருந்து அம்மாவுக்கு எதைத் தொட்டாலும் ஆசீர்வாதம். தொழிற்சாலை பஸ் நேரத்துக்கு வந்தால் ஆசீர்வாதம், யாரோ பொரியலுக்கு நான்கு உருண்டை கோபிஸ் கொடுத்தால் ஆசீர்வாதம். “பாத்தியாடி, நெரம்பி வழியுது” என்பார். உன் மெத்தையை வெளியே போட்டு அடித்து, வெயில் இல்லாததால் மறுபடி உள்ளே இழுத்து, மறுநாள் மறுபடி வெளியே போட்டார். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

ஏன் அப்படி வாசித்தேன் என்று கேட்பாய். இதை எழுதுமுன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி ஜன்னலைத் திறந்தேன். சரி, எழுதிவிடுகிறேன். குளியலறைக் கூரையில் நீ புகை இழுத்துவிட்டுச் செருகி வைத்திருந்த கருகிய வெள்ளித் தாளையும் ஸ்ட்ராவையும் எடுத்துப் பாஸ்டரிடம் கொடுத்தது அம்மா இல்லை. நான். வேனில் ஏறும்போது நீ அம்மாவை ஒரு பார்வை பார்த்தாய். அது எனக்கு வர வேண்டிய பார்வை. அம்மா அதை வாங்கிக்கொண்டு, தான் கொடுக்கவில்லை என்று இன்றுவரை உன்னிடம் சொல்லவில்லை. உன்னை அனுப்பிய நானே உன்னைக் கூட்டியும் வந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். நீ இல்லாமல் இந்த வீட்டில் என் சேட்டைக்கு யாரும் திட்டுவதுகூட இல்லை, அண்ணே.

பழையபடி என்றால் என்ன என்று முந்தாநாள்தான் தெரிந்தது.

சனிக்கிழமைகளில் நான் கியா பார்மில் ஸ்ட்ராபெரிக் கடையில் நிற்கிறேன். முந்தாநாள் சுற்றுலாக் கூட்டம், கார்கள் நகரவே இல்லை. அந்தக் கூட்டத்தில் உன் லோரிக் கூட்டாளி மகேன் வந்தான். கீழே திரிங்காப்பில் திரிகிறவன் இந்த நெரிசலில் ஏறி வந்திருக்கிறானே என்று பார்த்தேன். கேட்காமல் ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “ஏய் தங்கச்சி, அண்ணன் அடுத்த சனி எறங்குறான்ல?” என்றான். உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். “அவன்தான். அங்கருந்து வெளிய வந்த ஒருத்தன்கிட்ட போன மாச ஆரம்பத்துலயே சொல்லி விட்டுட்டான். ஞாயித்துக்கெழமையே லோரி ஏறலாம்லா. பழையபடி ஒரு ராத்திரிக்கு ரெண்டு டிரிப்பு, தூக்கமே வேணாம்” என்று சிரித்தான். முன்பல் இரண்டைக் காணோம். பழம் தீர்ந்த பிறகும் வாய் மென்றுகொண்டே இருந்தது. முழங்கையைச் சொறிந்துகொண்டே இருந்தான். கோபிஸ் ஏற்றி ராத்திரி லோரி ஓட்டும்போது கண் அசராமல் இருக்க ஒரே ஒரு மாத்திரை என்று தொடங்கியது இவனும் நீயும் சேர்ந்துதான். கடைசி நாட்களில் நீயும் இப்படித்தான் வெறும் வாயை மென்றாய். போனால் போதும் என்று ஒரு பெட்டி பழத்தைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

அப்படியென்றால் நீ அம்மாவுக்கு எழுதுமுன்னே மகேனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாய். எல்லாம் சரியாகிவிட்டது என்று நீ எழுதியதும் நான் வாசித்த வசனமும் ஒரே ரகம். நான் ஆண்டவர் பேரில் இட்டுக்கட்டினேன், நீ உன் பேரில்.

நேற்று ஆராதனையில் நான் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. இன்று காலை அம்மா வழக்கம்போல் சீட்டை நீட்டினார். நான் வாங்கவில்லை. வெள்ளித் தாள் முதல் ஸ்ட்ராபெரி வரை எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அம்மா சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கோழிக் கொழம்பு வாசிச்சன்னைக்கே தெரியும்டி. எனக்குக் கண்ணுதான் மங்கல், காது நல்லாத்தான் இருக்கு” என்றார்.

அப்போ மூணாம் மாசம்னு வாசிச்சப்ப என்று கேட்டேன். தண்ணீர் கொதித்து மூடி ஆடியது. அடுப்பை அணைத்துவிட்டு அம்மா சொன்னார்: “அப்பவும் தெரியும். நான் என்ன கேக்கணும்னு தவிச்சேனோ, அத நீ ஆண்டவர் சொன்ன மாதிரி சொல்லிட்ட. நானும் அவர் சொன்னதாவே எடுத்துக்கிட்டேன். ஒன்னைய மட்டும் என்ன சொல்றது?”

அப்படியானால் வேன் வேண்டாம் என்று பாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். அம்மா தலையை ஆட்டினார். “வேண்டாம்னு சொன்னாலும் பஸ் புடிச்சாவது போயிருவேன்டி. அவன் வந்து முன்னால நின்னு ‘அம்மா’ன்னா கையெழுத்துப் போட்ருவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?” சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். மேலே போடும் தேயிலை பேக்கிங் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தார். நான் லயன் வீடுகளின் கடைசிவரை ஓடிப்போய்ச் சொன்னேன். நடுரோட்டில் நின்று அழுதுகொண்டே சட்டையைத் திருப்பிப் போட்டார், அண்ணே.

ஆகையால் விஷயம் இப்போது உன்னிடம் வந்து நிற்கிறது. சனிக்கிழமை காலை ஏழுக்கு வேன் கிளம்பும், சிம்பாங் பூலாய் வழியாகப் பத்துக்கெல்லாம் அங்கே இருப்போம். அம்மாவால் இல்லை என்று சொல்ல முடியாது. நான் சொன்னால் அங்கே செல்லாது. நீதான் சொல்ல வேண்டும். அம்மா பேனாவைத் திறக்குமுன் சொல்லிவிடு.

ஒன்பது மாதமும் இருக்கிறேன் என்று சொல்லச் சொல்லவில்லை. அது உனக்கு எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி எழுதினால் அது இன்னொரு பொய். ஞாயிற்றுக்கிழமை காலைவரை இருக்கிறேன் என்று மட்டும் சொல். ஞாயிறு எழுந்ததும் திங்கள்வரை என்று சொல். நாம் ஆசீர்வாதம் என்றால் லோரி நிறைய வந்து ஒரேயடியாக வாசலில் இறங்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். நிரம்பி வழிவது என்றால் ஒரே நாளில் கொட்டுவது இல்லையோ, நிற்காமல் வந்துகொண்டே இருப்பதுதானோ என்று இந்த இரண்டு நாளாக எனக்குச் சந்தேகம். பாஸ்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்வார்.

என்னை மன்னிக்க முடியாவிட்டால் இப்போதைக்கு விட்டுவிடு. சனிக்கிழமை என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. அம்மாவோடு பேசு, அந்தப் பார்வையை அவரிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள். மகேனுக்கு நீயே பதில் சொல்லி அனுப்பு. அவன் மறுபடி கடைக்கு வந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. தபால் நிலையம் மூடுமுன் தானா ராத்தாவுக்கு ஓட வேண்டும்.

ஆண்டவரே, என் அண்ணன் நாளைக் காலை எழும்போது, நாளை ஒரு நாளைக்குப் போதுமான பெலன் அவனுக்கு இருக்கட்டும். நாளை மறுநாளைக்கு உள்ளதை நாளை ராத்திரி வந்து கேட்கிறேன். தினமும் தொந்தரவு செய்கிறாள் என்று நினைக்காதேயும். ஆமென்.

சனிக்கிழமை உன்னைப் பார்க்க மட்டும் வருகிற தங்கை,
ரூபினி