பிரெஞ்சு ஊசி

புதுச்சேரி
24 ஜனவரி 2021

மச்சானுக்கு,

இல்லை, இன்னும் போட்டுக்கொள்ளவில்லை.

நேற்று போனில் நீங்கள் கேட்டபோது மாமா பக்கத்தில் இருந்தார். அதனால் மழுப்பினேன். அவருக்குக் காது மந்தமான பிறகு உங்கள் அழைப்பு எப்போதும் ஸ்பீக்கரில்தான். நீங்கள் பாரிஸ் பக்கத்தில் தும்மினால் காஜியார் வீதியில் கேட்கிறது. நமக்கு மட்டும் என்று ஒரு வாக்கியம் பேசி எத்தனையோ மாதமாகிறது. இனி மின்னஞ்சலில் எழுதுகிறேன். தாளில் எழுதுவதுபோலத் தேதி எல்லாம் போட்டு.

கொரோனா ஊசி வந்துவிட்டது. முதலில் எங்களுக்கு, அதாவது சுகாதாரப் பணியாளர்களுக்கு. எங்கள் லாஸ்பேட்டை சுகாதார நிலையத்தின் வாசலில் பலூன் கட்டினார்கள். பலூன்கள் சுருங்கிவிட்டன. ஆள் வரவில்லை. ஒருத்திக்கு சைனஸ். இன்னொருத்தி வீட்டில் கல்யாணம். டிரைவர் லீவு. சீனியர் நர்ஸ் தையல்நாயகி அக்கா மட்டும் முதல் நாளே போய் உட்கார்ந்தார்.

"ஊருக்கே முப்பது வருஷமா குத்துறேன். எனக்கு ஒருத்தன் குத்துனா என்ன ஆயிடும்?"

எனக்கு ஜுரம் என்று சொன்னேன். ஜுரம் இல்லை. பிரான்ஸில் எந்த ஊசியை ஒப்புக்கொள்வார்கள் என்று தெரியும்வரை பொறு என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். புருஷனோடு சேர விசாவுக்கு மூன்று வருடம் பொறுத்தவளுக்கு இது பெரிதா என்றும். சரிதான்.

ஒன்று கேட்க வேண்டும். தன்னைப் போல பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்குகிறவர்களுக்குத் தனியாக பிரான்ஸிலிருந்து ஊசி வரப்போகிறது என்று மாமா பள்ளிவாசல் வரை சொல்லிவைத்திருக்கிறார். இங்கே போடுவது அவருக்கு வேண்டாமாம். யார் சொன்னது என்றேன். "ஸாகிப்" என்றார்.

நீங்களா?

சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மூன்று நாளாகக் கத்தரிக்காய் வேண்டாம் என்கிறார். மற்றபடி நலம்.

ரமீஜா


சார்செல்
16 பிப்ரவரி 2021

ரமீஜாவுக்கு ஸலாம்.

பதில் தாமதம். கோபித்துக்கொள்ளாதே. முதியோர் இல்லத்தில் ஆட்கள் குறைவு, சலவைக்கூடத்தில் இரண்டு பேர் வேலையை நான் பார்க்கிறேன். இங்கே ஒவ்வொரு படுக்கை விரிப்பிலும் அறை எண் தைத்திருக்கும். ஒரு எண் சில நாள் துணிக்கூடையில் வராமல் இருந்தால் யாரையும் கேட்பதில்லை. இந்தக் குளிர்காலத்தில் நிறைய எண்கள் வரவில்லை.

ஆமாம், நான்தான் சொன்னேன். இங்கே இருக்கும் நம் ஊர்க்காரர்கள் அப்படிப் பேசிக்கொள்கிறார்கள். 'வரலாம்' என்றுதான் அத்தாவிடம் சொன்னேன். அவர் அதை 'வரும்' என்று ஆக்கிவிட்டார். ஆக்கட்டும். அவருக்கு அது ஒரு சந்தோஷம்.

எனக்குப் போன வாரம் போட்டார்கள். இங்கே வேலை செய்பவர்களுக்கு முதலில். அஸ்ட்ரா என்று என்னவோ பெயர். ஒரு ராத்திரி நடுங்கினேன், காலையில் வேலைக்குப் போய்விட்டேன்.

நீயும் அத்தாவும் பொறுங்கள். தவறான ஊசி ஒன்று உன் பெயரில் பதிவாகிவிட்டால் பிறகு அதை அழிக்க முடியாது. இங்கத்திய கோடையில், ஆகஸ்ட் வாக்கில், உன் விசா வந்துவிடும். இரண்டு பேரும் வாருங்கள். நானே கூட்டிப்போய்ப் போடவைக்கிறேன். அத்தாவின் காதையும் இங்கே ஒரு நல்ல டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சாப்பிடு. போனில் உன் குரல் இளைத்திருக்கிறது.

ஸாகிப்


புதுச்சேரி
14 மார்ச் 2021

மச்சானுக்கு,

உங்களுக்குப் போட்டதும் நான் இங்கே போடுவதும் ஒரே மருந்து. நம்முடையது புனேயில் தயாராகிறது, பெயர் கோவிஷீல்ட். அவ்வளவுதான் வித்தியாசம். மாமாவிடம் சொன்னேன்.

"அது அங்க செஞ்சது."

"மருந்து ஒண்ணுதான் மாமா."

"பாகெத் ரொட்டி நம்ம பேக்கரிலயும்தான் போடறான். அது பாகெத்தா?"



இப்போது அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும், நாற்பத்தைந்துக்கு மேல் சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் போடுகிறோம். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்தால் சில மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் வீண். அதனால் பத்துப் பேர் சேராமல் திறப்பதில்லை. ஐந்து பேர் சேர்வார்கள். ஆறாவது ஆள் வருவதற்குள் முதலில் வந்தவர் எழுந்து போய்விடுவார். அவரைப் பார்த்து இரண்டாமவர். லாஸ்பேட்டை வெயிலில் நான் வெளியே போய் ஆட்டோ ஸ்டாண்டில் ஆள் கேட்கிறேன். மீன் விற்பதுபோல.

அந்த ஸ்டாண்டில் கன்னியப்பன் என்று ஒருவர். சவாரி இல்லாத நேரத்தில் கிழவர்களை ஏற்றிவந்து விடுவார். தான் மட்டும் வாசலைத் தாண்ட மாட்டார். சர்க்கரை உள்ளவர். அன்றைக்கு ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் ஏற்கெனவே செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

"வாங்கண்ணே, ஒரு ஆள்தான் கொறையுது."

"நீங்க போட்டுக்கினீங்களா சிஸ்டர்?"

எல்லாரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். மருந்தைப் பற்றிக் கேட்பதில்லை.

"போட்டுக்கிட்டேன்ணே."

"கை வலிச்சுதா?"

"ஒரு நாள்."

"ஜுரம்?"

"ராத்திரி நடுக்கம். காலைல வேலைக்கு வந்துட்டேன்."

உங்கள் ஜுரத்தை எடுத்துச் சொன்னேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே வந்தார். இப்போது தினமும் அதையேதான் சொல்கிறேன். வாயில் தானாக வருகிறது. தையல்நாயகி அக்காவுக்குத் தெரியும். அந்த நேரம் அவர் பஞ்சு எடுப்பதுபோலத் திரும்பிக்கொள்கிறார்.

நேற்று அம்மாவைக் கூட்டிவந்த ஒரு புதுப்பெண், "இத போட்டா பிள்ள தங்காதாமே?" என்றாள். அக்கா சொன்னார்: "பிள்ள தங்கறது இருக்கட்டும். மொதல்ல புருஷன் வீட்ல தங்கறானான்னு பாரு." எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அக்கா என்னைப் பார்த்தார், நிறுத்திவிட்டார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய.

நான் போட்டுக்கொள்கிறேனே. சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

ரமீஜா


சார்செல்
11 ஏப்ரல் 2021

ரமீஜாவுக்கு ஸலாம்.

மருந்து ஒன்றாக இருக்கலாம். காகிதம் ஒன்றில்லை.

எனக்குப் போட்ட ஊசியைப் போன மாதம் இங்கே சில நாள் நிறுத்தினார்கள். மறுபடி ஆரம்பித்தார்கள், வயதானவர்களுக்கு மட்டும். என்னைப் போன்றவர்களுக்கு இரண்டாவது ஊசி வேறு கம்பெனியாம். அதையும் போட்டுக்கொள்வேன். கேள்வி கேட்கிற இடத்தில் நான் இங்கே இல்லை. ஐரோப்பாவுக்குள் வர எந்த ஊசி செல்லும், எது செல்லாது என்று தினம் ஒன்று பேசுகிறார்கள். உன் கோப்பு இந்த நிலைமைக்கு வரவே எத்தனை பேரைப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். அதை நம் கையால் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீ சொன்னதைப் பொய் என்று நினைக்காதே. உன்னை நம்பி எத்தனை பேர் போட்டுக்கொண்டார்கள். அதை நினைத்துக்கொள்.

ஆகஸ்ட் வரை பொறு. என் மேல் நம்பிக்கை இருந்தால்.

நோன்பு வருகிறது. அத்தாவை நோன்பு பிடிக்க விடாதே, மாத்திரை இருக்கிறது. பிடிவாதம் பிடிப்பார்.

ஸாகிப்


புதுச்சேரி
9 மே 2021

மச்சானுக்கு,

இப்போது பத்துப் பேருக்காக யாரும் காத்திருப்பதில்லை. நாங்கள் கதவைத் திறப்பதற்கு முன்பே வரிசை தெருமுனை திரும்பிவிடுகிறது. மருந்துதான் இல்லை. அன்றைக்குச் செருப்பைத் தேடி எழுந்து போனவர்கள் இன்றைக்குக் கதவைத் தட்டித் திட்டுகிறார்கள். திட்டுவதற்கு அவர்களுக்கு ஒரு முகம் வேண்டும். என் முகம் அருகில் இருக்கிறது.

கன்னியப்பனின் தம்பி ஆஸ்பத்திரியில், ஆக்சிஜனில். ஊசி வேண்டாம் என்று சொன்னவர். கன்னியப்பனுக்கும் தொற்று வந்தது, நாலு நாள் இருமலோடு போய்விட்டது. வந்து வாசலில் நின்று சொன்னார்: "உங்கள நம்பித்தான் சிஸ்டர் போட்டுக்கினேன். நல்லதாப் போச்சு."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

போன வியாழக்கிழமை நான் போனை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். மாமா எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். வரிசைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. ஒரு அம்மா கேட்டார், நீங்க போட்டுக்கிட்டீங்களா என்று. மாஸ்க் போட்டுக்கொண்டு இந்தக் கூட்டத்தில் எல்லாரும் கத்தித்தான் பேசுகிறோம். போட்டுக்கிட்டேன், ஒரு நாள் நடுக்கம் என்று நானும் கத்தினேன். மாமாவின் காதுக்கே கேட்கும்படி.

நோன்பு திறந்த பிறகு கேட்டார்.

"நீ போட்டுக்கிட்டியாம்மா?"

"இல்ல மாமா."

"அப்ப அங்க சொன்னது?"

நான் கஞ்சிச் சட்டியை மூடிவைத்தேன்.

"பொறுன்னு ஸாகிப் சொன்னானா?"

ஆமாம் என்று தலையசைத்தேன். கொஞ்ச நேரம் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"எங்கிட்ட பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கு. ஊசி வரும், வராமப் போகும். உக்காந்திருக்கறதுக்கு எனக்கு ஒரு காரணம் இருக்கு. நீ எத வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க?"

கோபம் இல்லை. கேட்டார், எழுந்தார், தன் கோப்பையைத் தானே கழுவி வைத்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் கோப்பை கழுவி நான் பார்த்ததில்லை.

அந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன். விசாவைப் பற்றி எழுதாதீர்கள். ஆகஸ்ட் என்று எழுதாதீர்கள். நான் எதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று மட்டும் எழுதுங்கள்.

இந்த வாரம் பெருநாள். வீட்டிலேயே தொழுகை. உங்களுக்கு வாழ்த்து.

ரமீஜா


புதுச்சேரி
20 ஜூன் 2021

மச்சானுக்கு,

பெருநாளன்று போனில் பேசினீர்கள். பிரியாணியா என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகும் பேசினீர்கள், எல்லாம் ஸ்பீக்கரில். என் கடிதத்துக்குப் பதில் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். நிஜமாகவே அப்படித்தான் எடுத்துக்கொண்டேன், மூன்று வாரம் வரை.

போன புதன்கிழமை காலை மாமாவிடம் சொன்னேன், இன்றைக்குப் போட்டுக்கொள்ளப் போகிறேன் என்று.

"இரு. சட்டைய மாத்திக்கிட்டு வர்றேன்."

எனக்கு நேரமாகிவிட்டது, முன்னால் கிளம்பிவிட்டேன். பிறகு மாமா கன்னியப்பனின் ஆட்டோவில் நிலையத்துக்கு வந்து இறங்கினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வரிசையில் வரச் சொன்னேன், வரிசையில்தான் வந்தார். உள்ளே வந்ததும் தையல்நாயகி அக்காவிடம் சொன்னார்:

"மொதல்ல இவளுக்குப் போடுங்க. ஊருக்குச் சொன்ன மாதிரி எங்கிட்ட சொல்ல முடியாது. நான் பாக்கணும்."

வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. அவர் மெதுவாகப் பேசுகிறவர் இல்லையே. ஒரு பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்றிருந்தது. அக்கா போட்டார். பஞ்சைத் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருந்தார்.

நான் எழுந்ததும் மாமா அந்த நாற்காலியில் உட்கார்ந்து கைப்பித்தானைக் கழற்றினார்.

"மாமா, பிரெஞ்சு ஊசி?"

"வந்தா வேற யாருக்காவது போடட்டும்."

"வலிக்காது, பயப்படாதீங்க" என்றார் அக்கா.

"வலிச்சாலும் சொல்ல முடியாதும்மா. பட்டாளத்துப் பென்ஷன் வாங்கறேன்."

அன்று மதியமே இரண்டு பேருக்கும் நடுக்கம். அவர் முன்னறையில், நான் உள்ளே. "இருக்கியா?" என்பார். "இருக்கேன் மாமா" என்பேன். என் குரல் அவருக்குக் கேட்காது, மறுபடி கேட்பார். சாயங்காலம் வரை இப்படியே போனது. உங்களிடமிருந்து கடன் வாங்கிச் சொல்லிக்கொண்டிருந்த ஜுரம் எப்படி இருக்கும் என்று இப்போது தெரியும். நீங்கள் குறைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

வியாழக்கிழமை ரசம் சாதம் சாப்பிடும்போது மாமா சொன்னார்: "அவனுக்கு ரெண்டு ஊசியும் ஆயிடுச்சு. காயிதமும் இருக்கு. பாக்கணும்னா அவன் வரட்டும்."

இதை அவர் போனில் உங்களிடம் சொல்ல மாட்டார். அதனால் எழுதுகிறேன்.

என் பெயரில் பதிவாகிவிட்டது. உங்களுக்கு வருத்தமாக இருக்கும். அந்தக் கோப்புக்காக நீங்கள் அலைந்ததை நான் மறக்கவில்லை. அந்த அலைச்சலும் பொய்யில்லை, இங்கே நான் உட்கார்ந்திருந்ததும் பொய்யில்லை. எனக்குக் கோபம் வரவில்லை மச்சான். வந்தால் நன்றாக இருக்கும் என்று முயன்று பார்த்தேன். அலுப்புதான் வருகிறது.

என்னைப் போல ஒப்பந்தத்தில் இருக்கும் நர்சுகளை நிரந்தரமாக்க நேர்காணல் வைக்கிறார்கள். முன்பு இரண்டு தடவை கூப்பிட்டார்கள். ஊரைவிட்டுக் கிளம்பப் போகிறவள் எதற்கு ஒரு இடத்தை அடைக்க வேண்டும் என்று நான் போகவில்லை.

வெள்ளிக்கிழமை போனேன்.

ரமீஜா