மூடாமல் வைத்த கல்வெட்டு

காலை எட்டு மணிக்கே கணினியின் விசிறி இரையத் தொடங்கிவிட்டது. அந்த இரைச்சலைக் கேட்டாலே எனக்கு உன் மேல்தான் கோபம் வரும். நீ போய் இருபத்தெட்டு நாளாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கல்லடியில் இந்தச் சின்ன அச்சுக் கடையில் நாம் இருவரும் பதினொரு வருடம் ஒரே கணினியில் மாறி மாறி வேலை செய்தோம். செத்தவரின் கதையும் சொந்தங்களின் பெயர்களும் போட்டு முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம்தான் நமக்கு முக்கிய வேலை. நீ ஒன்றையும் மூடமாட்டாய். செட்டிபாளையத்து வீட்டுக் கல்வெட்டு, தேற்றாத்தீவு வீட்டுக் கல்வெட்டு, படம் ஒட்டிய பக்கங்கள், அதற்கு மேல் யூடியூப்பில் ஒரு பாட்டு, எல்லாம் திறந்தபடி கிடக்கும். நான் வந்து உட்கார்ந்தால் ஒரு எழுத்து விழ அரை நிமிடம். டாஸ்க் மனேஜரைத் திறந்தால் மெமரி தொண்ணூற்றாறு வீதம். தலையில் அடித்துக்கொள்வேன்.

"இதெல்லாத்தையும் மூடினா என்னகா குறைஞ்சு போகும்?"

"முப்பத்தொண்டு முடியுமட்டும் விட்டுப்போன ஒரு பேரச் சொல்லிக்கிட்டு ஆராவது வருவாங்க. இரிக்கட்டும்கா."

சேமித்து மூடிவிட்டு, ஆள் வந்தால் திறக்கலாமே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். மூடினால் எல்லாம் முடிந்துபோன மாதிரி இருக்குதாம். வேலை செய்கிற மனுஷி பேசுகிற பேச்சா இது?

ஒருநாள் பொறுமை கெட்டு, அசையாமல் நின்ற உன் பக்கத்தை டாஸ்க் மனேஜரில் போய் நிறுத்திவிட்டேன். நீ சேமிக்காமல் வைத்திருந்த பேரப்பிள்ளைகள் பட்டியல் அதோடு போயிற்று. நீ அவசரமாகத் திரும்பத் தட்டியதில் ஒரு பிள்ளையின் பெயர் விடுபட்டு, அப்படியே அச்சாகிவிட்டது. அந்த வீட்டார் வந்து நின்றபோது, "என்ட பிழைதான்" என்று நீ முந்திக்கொண்டாய். அதிலும் எனக்கு எரிச்சல். என் பிழையை எடுத்துக்கொள்ளச் சொல்லி உன்னை யார் கேட்டது? அது என் பிழை என்று அதன் பிறகும் உன்னிடம் நான் ஒத்துக்கொள்ளவேயில்லை.

மற்ற வீட்டுக் கல்வெட்டுகளையும் நான் மூடவில்லை; இன்று அவற்றுக்கு மேல் திறந்திருப்பது உன் கல்வெட்டு. நான்தான் தட்டினேன். உன் அண்ணன் தந்த பட்டியலில் சகோதரங்கள், மச்சாள்மார், மருமக்கள் எல்லாரும் இருக்கிறார்கள். பிழை பார்த்து மூன்று நாளாயிற்று. அச்சுக்கு அனுப்பி மூடியிருக்கலாம். டாஸ்க் மனேஜரைத் திறப்பேன், உன் கல்வெட்டின் மேல் அம்புக்குறியை வைப்பேன், பிறகு எடுத்துவிடுவேன்.

பத்து மணிபோல உன் அண்ணன் வந்தார்.

"புள்ள, ஒரு பேர் விட்டுப் போச்சு. அச்சடிச்சிட்டியா?"

"இல்லண்ணன், திறந்துதான் இரிக்கி. சொல்லுங்க."

சகோதரிகளின் வரிசையில் கடைசியாகப் போடச் சொன்னார். விசைப்பலகையில் கை வைத்துக் காத்திருந்தேன். அவர் சொன்னது என் பெயரை.

தட்டினேன். எழுத்து விழ அரை நிமிடம் பிடித்தது. இந்த முறை ஒன்றையும் நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேமித்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன். மூடத்தான் இல்லை. விசிறி இன்னும் இரைகிறது, எனக்கு இன்னும் கோபம்தான். அண்டைக்கு விடுபட்ட அந்தப் பேர் என்ட பிழைகா.