உள்தாழ்ப்பாள்

அக்டோபர் 14
பட்டறையில் ஒரு போர்வெல் ரிக் லாரிக்கு ஹைட்ராலிக் குழாய் மாற்றினோம். ஆறு மணிக்கு வீடு. சாவி போட்டு நானே திறந்தேன். என் மனைவி ஜெயப்பிரியா இருந்தவரை கதவைத் தட்டுவேன். "யாரு?" என்பாள், நான்தான் என்று தெரிந்தே. "கேஸ் சிலிண்டருங்க" என்பேன். "ஊட்ல ஆளில்லீங்க!" — கூடவே சிரிப்பு.

அவள் இறந்து இன்றோடு நான்கு மாதம்.

அக்டோபர் 17
சாப்பிடவில்லை. பசியும் இல்லை.

அக்டோபர் 20
திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் குஞ்சம்மாளைப் பார்த்தேன். அங்கேயே படுத்துக் கிடக்கிற அம்மா. பிரியா வேலைக்குப் போகிற வழியில் தினமும் இட்லி வாங்கித் தருவாள். அம்மாவுக்கு இப்போது இருமல். புடவையெல்லாம் மழை ஈரம்.

"அந்தக் கண்ணு ஏன் வர்றதில்லீங்க, சாமி?"

சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரோடு பஸ் இரண்டு போய்விட்டது.

அக்டோபர் 21
குஞ்சம்மாளுக்கு இடம் கேட்டுப் பெண்கள் தங்குமிடத்துக்குப் போனேன். பார்த்துக்கொள்கிற சௌந்திரம் அக்கா சொன்னார்: "எடமிருக்குது தம்பி. கதவுக்குத் தாழ்ப்பாத்தான் இல்ல. அதுக்குப் பயந்தே பாதிப்பேரு வர்றதில்ல."

பட்டறையில் ஒன்று செய்து, மாலையே மாட்டிவிட்டேன்.

அக்டோபர் 22
குஞ்சம்மாள் கதவு வரை வந்தார். தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி நடந்தார்.

"எம்மவன் வேலைக்குப் போறப்ப இப்படித்தான் வெளிய தாழ்ப்பா போட்டுட்டுப் போவான். ரெண்டு வருசம், பட்டியில ஆடாட்டம் கெடந்தேன். மழையே தேவலைங்க."

ஸ்டோர் ரூமுக்குப் போடுவதுபோல் வெளிப்பக்கம் போட்டிருக்கிறேன். கைப்பழக்கம். அட மடையா — உள்ள இருக்கறது ஆளா, சாமானா? இதக்கூட யோசிக்க மாட்டியா? பிரியா இருந்தா கிழிச்சிருப்பா.

அக்டோபர் 24
கழற்றி உள்பக்கம் மாட்டினேன். "உள்ள மயங்கி உழுந்துட்டா?" என்றார் அக்கா. நியாயம். வெளியிலிருந்து சாவி போட்டாலும் விலகுகிற மாதிரி ஒரு துளை. சாவி அக்காவிடம் மட்டும்.

அக்டோபர் 25
நல்ல மழை. கெஞ்சித்தான் கூட்டி வந்தேன். குஞ்சம்மாள் உள்ளே, நான் வெளியே. தாழ்ப்பாளைப் போட்டார். எடுத்தார். போட்டார். எடுத்தார். ஏழு தடவை. பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து: "இன்னிக்கி ஒரு நா படுத்துப் பாக்கறேனுங்க."

நவம்பர் 4
வேலை முடிந்து குஞ்சம்மாளுக்கு இட்லி வாங்கிக்கொண்டு போனேன். தட்டினேன்.

"யாரு?"

இட்லிப் பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டேன்.

"கேஸ் சிலிண்டருங்க."

"கொரலக் கேட்டா தாழ்ப்பாக்காரத் தம்பியாட்டம் இருக்குது! இருங்க சாமி, வாரேன்."

தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். கிரீஸ் வைக்க வேண்டும்.