தானாக எரிந்த விளக்கு

பிலிம் ரோல் வருகிற கறுப்பு டப்பா ஒன்று என் மேசைமேல் கிடக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் இன்னமும் லேசாக ஈயம் பற்றவைத்த வாசனை அடிக்கிறது. வாத்தியாரே, உம் மகள் வீட்டை வாடகைக்கு விடப்போகிறாள். அதனால் உம் வாசல் விளக்குக்கு மாட்டியிருந்த பெட்டியை இன்று காலையில் நான்தான் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன். மாட்டியவனே கழற்றவும் வேண்டியிருக்கிறது, பாரும்.

உம் மனைவி போன பிறகு அந்த வீட்டில் நீர் ஒண்டி ஆள். எதிர்வீட்டில் நான், கல்யாணமே செய்துகொள்ளாத போஸ்ட் ஆபீஸ் குமாஸ்தா. உம் நெஞ்சைப் பற்றி டாக்டர் எச்சரித்ததிலிருந்து தினமும் சாயங்காலம் வந்து எட்டிப்பார்த்தேன். கணக்கு வாத்தியாரான உமக்கு அது பொறுக்கவில்லை. "தெனமும் வந்து ஆஜர் எடுக்கீரே வே, நான் என்ன அஞ்சாப்பு பயலா?" என்று சீறினீர்.

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். இருட்டுகிற நேரத்துக்கு நீர் வாசல் விளக்கைப் போடுவீர். எரிந்தால் நீர் சுகம், நான் வரமாட்டேன். எரியாவிட்டால் ஓடிவருவேன். டெலிபோனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிற காலம் இது. வண்ணார்பேட்டையில் நம் இரண்டு வீட்டுக்கும் அந்த விளக்குதான் டெலிபோன்.

ஆனால் நீர் மறதிக்காரர். வாரத்தில் இரண்டு நாள் விளக்கு எரியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பதறி ஓடிவந்தால், நீர் சாவகாசமாகக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பீர். திட்டிவிட்டுத் திரும்புவேன்.

அந்தச் சமயம் பார்த்து எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் பைத்தியம் பிடித்தது. ஒரு மாதப் பத்திரிகையில் போட்டிருந்த படத்தைப் பார்த்து, இருட்டினால் தானே விளக்கைப் போட்டு, விடிந்தால் தானே அணைக்கும் பெட்டி ஒன்று செய்தேன். ஜங்ஷன் ரேடியோ கடைக்கு எத்தனை நடை! முதல் இரண்டு டிரான்சிஸ்டரையும் கால் மாற்றிப் பற்றவைத்துக் கருக்கினேன். விரல் நுனியெல்லாம் கொப்புளம்.

முதல் நாள் கூத்தை மறக்க முடியுமா? வெளிச்சத்தை அறிகிற கண்ணை பல்புக்கு நேர் கீழேயே வைத்துவிட்டேன். இருட்டியதும் பல்பு எரிந்தது. அந்த வெளிச்சத்தைப் பகலென்று நினைத்துப் பெட்டி உடனே அணைத்தது. அணைந்ததும் ராத்திரி என்று மறுபடி போட்டது. டக், டக், டக். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர். "என்னவே, எம் வீடு ஊரைப் பாத்து கண்ணடிக்குது!"

மறுநாள் கண்ணை இந்த டப்பாவுக்குள் செருகி, ஆகாயத்தைப் பார்த்துத் திருப்பி மாட்டினேன். அன்று ஒழுங்காக எரிந்தது. ஏதோ அணைக்கட்டையே கட்டிமுடித்தவன் போல நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். நீர் பழைய சுவிட்சை ஒருமுறை தடவிவிட்டு, "இனி எனக்கு இங்கன ஜோலி இல்ல" என்றீர். நானும் சிரித்தேன்.

இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. விளக்கைப் போட நீர் எழுந்து வரவேண்டும் என்பதற்காகத்தானே அந்த ஏற்பாடு! அதைத்தான் நான் நாலு கம்பியும் ஒரு பெட்டியுமாக ஒழித்துவிட்டேன்.

அந்த ஆனி மாதம் சாரல் விடாமல் பிடித்துக்கொண்டது. தினமும் காலையில் சேர்ந்து ஆற்றுக்குக் குளிக்கப் போகிற நாம் இரண்டு நாள் போகவில்லை. இரண்டு சாயங்காலமும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உம் விளக்கு எரிந்தது. 'வாத்தியார் சுகம்' என்று சொல்லிக்கொண்டு, காபி போட்டுக் குடித்துவிட்டுப் பத்திரிகையில் அடுத்த படத்தைப் புரட்டினேன். மூன்றாம் நாள் மழை விட்டது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உம்மைக் கூப்பிட வந்தேன். கேட்டுக்கு உள்ளே இரண்டு நாள் பேப்பர்கள் ஊறிக் கிடந்தன.

கதவை உடைத்தபோது நீர் முன்னறைத் தரையில் கிடந்தீர். உயிர் இருந்தது. விழுந்தது முதல் நாள் மத்தியானம். அன்றைக்கே கொண்டுவந்திருந்தால் பிழைக்கவைத்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நம் விளக்கு ஏற்பாடு யாருக்கும் தெரியவே தெரியாது, உம்மையும் என்னையும் தவிர.

மறுநாள் கண் திறந்தீர். "கூப்பிட்டீரா? எனக்குக் கேக்கலியே!" என்று அழுதேன்.

"கூப்பிட்டேன்வே. மழைச் சத்தம். நாலு மணி, அஞ்சு மணின்னு எண்ணிக்கிட்டே கெடந்தேன். இருட்டினா நீரு பாப்பீரு, வெளக்கு எரியல, ஓடியாருவீருன்னு." கொஞ்சம் மூச்சு வாங்கினீர். "பொறவு டக்குன்னு சத்தம் கேட்டுது. ஜன்னல்ல வெளிச்சம் வந்துது. சரி, வரமாட்டாருன்னு தெரிஞ்சுபோச்சு."

உம் குரலில் கோபம் இல்லை. பைய என் கையைப் பிடித்து, "நல்லாத்தான் செஞ்சிருக்கீரு வே" என்றீர். இரண்டு நாளில் போய்விட்டீர்.

உம் கோபமாவது கிடைத்திருந்தால் அதோடு சண்டை போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். பூட்டிய உம் வீட்டில் ஒரு வருஷமாகத் தினமும் அந்த விளக்கு எரிந்தது. சாவி என்னிடம்தான் இருந்தது. நிறுத்த மனம் வரவில்லை. எரிந்ததும் ஒவ்வொரு நாளும் தெருவைத் தாண்டி வந்து, கதவைத் திறந்து, எல்லா அறையையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

இன்றைக்கு உம் வாசல் இருட்டாகக் கிடக்கிறது. நேரமாகிவிட்டது. நான் எழுந்து போய் என் வாசல் விளக்கைக் கையால் போட்டுவிட்டு வந்து இதை எழுதி முடிக்கிறேன். நான் சுகம் என்று அதற்கு அர்த்தம். எதிரில் பார்க்க ஆள் இல்லை.