முப்பது சென்டிமீட்டர் தண்ணீர்

நாள் 112, காலை. நிலவுச் சுரங்கம், தொழிலாளர் குடியிருப்பு மருத்துவ அறை
பதிபவர்: செவிலியர் செவ்வந்தி. உள்நோயாளி ஒருத்தி: பவிஷா, ஒன்றரை வயது, துளையிடும் பிரிவு மாசானத்தின் மகள். நிமோனியா. மூக்கில் குழாய் வழியே ஆக்சிஜன். மூச்சு வெளியேறும் குழாயின் முனை பாட்டில் தண்ணீருக்குள், ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில். அந்தத் தண்ணீர் தரும் எதிரழுத்தம்தான் நுரையீரலைச் சுருங்கவிடாமல் பிடிக்க வேண்டும். குமிழி சீராக வருகிறது.

நாள் 112, மாலை
குமிழி வருகிறது. ஆனாலும் மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழிகிறது. இந்த வருடம் இறந்த மூன்று குழந்தைகளுக்கும் இப்படித்தான்.

நாள் 113, காலை
அழுத்தத்தை அளந்தேன். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை. பாட்டில் பூமிக்காகச் செய்தது. இங்கே தண்ணீருக்கு ஆறில் ஒரு பங்கு எடைதான். அதே அழுத்தத்துக்கு முப்பது சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். பள்ளிப்பிள்ளை போடும் கணக்கு. எனக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பிய டாக்டர் பெனிட்டா அக்காவைப் பூமியில் அழைத்தேன்.
“தெரியும்மா. ரெண்டு வருஷமாத் தெரியும். வெளிய சொன்னா குழந்தைங்களத் திருப்பி அனுப்பணும். பெத்தவங்களும் கிளம்பிடுவாங்க, சுரங்கம் நின்னுடும். நீ பேசாம இரு.”
அதிகாரிகள் குடியிருப்பில் தண்ணீர் இல்லாமல் விசிறியாலேயே அழுத்தம் தரும் மூச்சு இயந்திரம் சும்மா கிடக்கிறது. கேட்டேன். தொழிலாளர் பிள்ளைகளுக்கு விதியில் இடமில்லையாம்.

நாள் 113, மதியம்
பாறை மாதிரி எடுக்கும் நீளக் குழலைக் கழுவி, அடியை அடைத்து, முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில் குழாயை இறக்கினேன். குழிவு குறைந்தது. பவிஷா தூங்குகிறாள்.
எல்லோருக்கும் ஒலிபெருக்கியில் சொல்லப்போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். உடனே இணைப்பைத் துண்டித்தார். இன்னும் அவரை அக்கா என்றே நினைத்திருக்கிறேன். முட்டாள்.

நாள் 113, மாலை
காவலாளிகள் என்னை மருந்துக் கிடங்கில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். கதவுக் கண்ணாடி வழியே கட்டில் தெரிகிறது, பக்கத்தில் மாசானம். ஒலிபெருக்கியில், பூமியிலிருந்து அக்கா:
“மாசானம் அண்ணே, அந்தப் பொண்ணு உங்க புள்ளய வச்சு சோதனை பண்ணுது. பாறை தோண்டுற குழாய், பாருங்க. கம்பெனி பாட்டிலையே மாட்டுங்க.”
“நீங்க சொன்னாச் சரி, டாக்டரம்மா. இவள நம்பி விட்டேன் பாருங்க.”
கண்ணாடியை அடிக்கிறேன். அவர் திரும்பவில்லை.
இதைப் படிப்பவருக்கு: முப்பது. ஐந்து அல்ல.
மாட்டிவிட்டார். குமிழி வந்ததும் என்னைப் பார்த்து, இப்ப என்ன சொல்ற என்பதுபோலத் தலையை ஆட்டுகிறார். அவர் முதுகுக்குப் பின்னால் பவிஷாவின் விலாவுக்குக் கீழே